வளைவரைகளின் குடும்பம்: அடித்தளத்தில் நடந்தால் வடிவம் எப்படி மாறும்? ஒரு முழுமையான வழிகாட்டி

பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்பது குமரி மாவட்டச் செய்திகளில் தவறாமல் வரும் ஒரு வரி. முழு மட்டம் 48 அடி. அந்த எண்ணை ஒரு கணித மாணவர் வேறு மாதிரி வாசிக்கலாம். ஒவ்வொரு மட்டத்துக்கும் நீர்த்தேக்கத்தின் கரை ஒரு வளைவரை. மட்டம் கொஞ்சம் இறங்கினால் கரையும் கொஞ்சம் நகரும், பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால் கும்பப்பூ நெல் பருவத்துக்குத் தண்ணீர் விட்டு மட்டம் நன்றாக இறங்கிய பிறகு பார்த்தால், தனித்தனியாக நின்ற இரண்டு திட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே தண்ணீருக்கடியில் குதிரைச் சேணம் போன்ற ஒரு தாழ்வு இருந்திருக்கிறது. மட்டம் சரியாக அந்தத் தாழ்வைத் தொடும்போது இரண்டு கரைகளும் ஒரு புள்ளியில் குறுக்காக வெட்டிக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் ஒரே கரையாகிவிடும்.

அந்தப் புள்ளியின் பக்கத்தில் கரையின் சமன்பாடு, ஆயங்களைப் பொருத்தமாக எடுத்துக்கொண்டால், எக்ஸ்·ஒய் = டி. டி என்பது அந்தத் தாழ்விலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஏறியோ இறங்கியோ இருக்கிறது என்ற அளவு. டி பூஜ்ஜியமாக இல்லாதவரை அதிபரவளையம், டி = 0 என்றால் இரண்டு கோடுகள். நீர்மட்டங்களின் எண்கோடுதான் இங்கே அடித்தளம். ஒவ்வொரு மட்டத்தின் கரையும், அந்த மட்டத்தைக் குறிக்கும் எண்கோட்டுப் புள்ளிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஃபைபர். எல்லாக் கரைகளும் சேர்ந்தது குடும்பம்.

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டு, இயற்கணித வடிவியலில் மேலே போக ஆசைப்படும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பகுமுறை வடிவியல், கலப்பெண்கள், வளையம்–ஐடியல் பற்றிய ஆரம்ப அறிவு இருந்தால் போதும். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: ஃபைபர்களைத் தனித்தனியாக எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் குடும்பம் பிடிபடாது. அவை அடித்தளத்தின் மேல் எப்படிக் கோர்க்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் படி: குடும்பத்தை ஒரு சார்பாக எழுதுங்கள்

"டி மாறும்போது வளைவரை மாறுகிறது" என்று வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். எக்ஸ், ஒய், டி மூன்றையும் ஒரே வெளியில் வையுங்கள். எக்ஸ்·ஒய் = டி என்பது அந்த முப்பரிமாண வெளியில் ஒரு பரப்பு. இதை மொத்த வெளி என்போம். அதிலிருந்து டி-அச்சுக்குப் போகும் சார்பு, (எக்ஸ், ஒய், டி) என்ற புள்ளியை டி-க்கு அனுப்புவது. குடும்பம் என்பது இந்தச் சார்புதான். ஒரு டி-யின் முன்னுருதான் ஃபைபர்.

போனில் ஜியோஜிப்ரா இருந்தால் டி-க்கு ஒரு ஸ்லைடர் போட்டு நகர்த்திப் பாருங்கள். ஆனால் திரையில் தெரிவது மெய்யெண் படம் மட்டுமே. நீர்மட்டம் ஒரு மெய்யெண் என்பதால், ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தச் சேணத்தைத் தாண்டாமல் தப்ப முடியாது. கலப்பெண்களில் அடித்தளம் ஒரு தளமாக விரிந்துவிடுகிறது. டி = 0 அதில் ஒரு புள்ளி மட்டுமே; அதைத் தொடாமல் சுற்றி வரலாம். இனி வருவதெல்லாம் இந்தச் சுற்றிவரும் வசதியால் கிடைப்பதுதான்.

இரண்டாம் படி: எங்கே கெடுகிறது என்று கண்டுபிடியுங்கள்

எந்தக் குடும்பம் கையில் வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது: எந்த ஃபைபர்களில் கூர்முனையோ குறுக்குவெட்டோ வருகிறது? சமன்பாட்டையும் அதன் எக்ஸ், ஒய் பகுதி வகைக்கெழுக்களையும் ஒருசேரப் பூஜ்ஜியமாக்கும் டி மதிப்புகளை எடுங்கள். அடித்தளத்தில் அந்தப் புள்ளிகளின் கணத்துக்குத் தன்மைக்காட்டி என்று பெயர்.

கூம்பு வெட்டுகளில் இது அழகாக வரும். பொதுவான இருபடிச் சமன்பாட்டில் ஆறு கெழுக்கள். எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கினால் வளைவரை மாறாது; ஆகவே அடித்தளம் ஐந்து பரிமாண வீழ்வெளி (ப்ரொஜெக்டிவ் ஸ்பேஸ்). கெழுக்களை 3×3 சமச்சீர் அணியாக எழுதி அதன் அணிக்கோவையைப் பூஜ்ஜியமாக்குங்கள். கிடைப்பது ஒரு முப்படிச் சமன்பாடு. அதன் மேல் இருக்கும் கூம்பு வெட்டுகள் எல்லாம் கோட்டு ஜோடிகள். அதற்குள்ளேயே அணியின் தரம் 1 ஆகும் இடங்கள் இரு பரிமாணமுள்ள ஒரு பரப்பாக அமைகின்றன. அங்கே இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்துவிடும். ஆக, கெட்ட இடத்துக்குள்ளும் அடுக்குகள் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது ஒய்² = எக்ஸ்³ + ஏ·எக்ஸ் + பி. அடித்தளம் (ஏ, பி) தளம். தன்மைக்காட்டி 4ஏ³ + 27பி² = 0. இதை வரைந்து பாருங்கள், அதற்கே ஆதியில் ஒரு கூர்முனை இருக்கிறது. தன்மைக்காட்டியின் சாதாரணப் புள்ளிகளுக்கு மேலுள்ள ஃபைபரில் ஒரு குறுக்குவெட்டு; ஆதிக்கு மேலுள்ள ஃபைபரில், அதாவது ஒய்² = எக்ஸ்³-இல், கூர்முனை. கூர்முனை என்ற ஒற்றை வடிவத்தைச் சற்றே அசைத்தால் என்னவெல்லாம் ஆகலாமோ அத்தனையும் இந்த இரண்டு பரிமாணத் தளத்துக்குள் அடங்கிவிடும். குறுக்குவெட்டுக்கு ஒரே பரிமாணம் போதும்; எக்ஸ்·ஒய் = டி-யே அதன் முழு ஜாதகம்.

மூன்றாம் படி: ஃபிளாட் தானா என்று சோதியுங்கள்

டி·எக்ஸ் = 0 என்பதையும் ஒரு குடும்பம் என்று சொல்லிவிடலாம். டி பூஜ்ஜியமல்ல என்றால் ஃபைபர் ஒரே புள்ளி; டி = 0 என்றால் முழுக்கோடு. திடீரென்று பரிமாணமே குதித்துவிட்டது. மொத்த வெளியின் ஒரு துண்டு முழுக்க ஒரே ஃபைபருக்குள் அடைபட்டுக் கிடப்பதுதான் காரணம். இப்படிப்பட்டதை ஒதுக்கத்தான் ஃபிளாட் என்ற நிபந்தனை. அடித்தளம் ஒரு நல்ல வளைவரையாக இருக்கும்போது சோதனை சுலபம்: மொத்த வெளியின் எந்தத் துண்டும், அதில் பொதிந்த புள்ளிகள் உட்பட, ஒரே ஃபைபருக்குள் முடங்கியிருக்கக் கூடாது. வளைய மொழியில் சொன்னால், (டி − சி) என்பதால் பெருக்கி எந்த உறுப்பும் பூஜ்ஜியமாகக் கூடாது, சி எந்த எண்ணாக இருந்தாலும்.

வீழ்வெளிக்குள் அமைந்த குடும்பங்களுக்கு இதற்கு ஒரு எண் அடையாளம் உண்டு. ஃபிளாட் என்றால் எல்லா ஃபைபருக்கும் ஹில்பர்ட் பல்லுறுப்புக்கோவை (பெரிய படி எம்-இல் ஃபைபரின் மேல் எத்தனை தனித்தனிச் சார்புகள் உண்டு என்று எண்ணும் கோவை) ஒன்றே. பாடத்தில் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். ஒரு கணக்கைக் கையால் செய்தால்தான் இது மனதில் பதியும்.

முப்பரிமாணத்தில் இரண்டு கோடுகள் எடுங்கள். ஒன்று எக்ஸ்-அச்சு. மற்றது ஒய்-அச்சுக்கு இணையாக டி உயரத்தில் போவது: எக்ஸ் = 0, இசட் = டி. டி பூஜ்ஜியமாக இல்லாதவரை இரண்டும் சந்திப்பதில்லை. அவற்றின் ஹில்பர்ட் பல்லுறுப்புக்கோவை 2எம் + 2. டி-யை பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோனால் இரண்டும் ஆதியில் வெட்டிக்கொள்ளும். ஆனால் வெட்டிக்கொள்ளும் இரு கோடுகளின் பல்லுறுப்புக்கோவை 2எம் + 1. ஒன்று குறைகிறதே, அது எங்கே போயிற்று?

ஐடியலை எழுதிப் பாருங்கள். இரு கோடுகளின் மேலும் மறையும் சார்புகள் எக்ஸ்·ஒய், எக்ஸ்·இசட், ஒய்(இசட் − டி), இசட்(இசட் − டி) ஆகியவற்றால் உருவாகின்றன. டி = 0 போடுங்கள்: எக்ஸ்·ஒய், எக்ஸ்·இசட், ஒய்·இசட், இசட்². இந்தப் பட்டியலில் இசட் தனியாக இல்லை. தளத்தில் கிடக்கும் கோட்டு ஜோடியின் ஐடியல் எக்ஸ்·ஒய், இசட் ஆகிய இரண்டால் வருவது. நமக்குக் கிடைத்ததோ அதைவிடச் சற்றுச் சிறியது. எல்லை ஃபைபரில் இசட் பூஜ்ஜியமல்ல, ஆனால் அதன் வர்க்கம் பூஜ்ஜியம், எக்ஸ்-ஆலோ ஒய்-ஆலோ பெருக்கினாலும் பூஜ்ஜியம். அதாவது ஆதியில் மட்டும், தளத்துக்கு வெளியே மேல்நோக்கி, ஒரு நுண்ணிய முள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காணாமல் போன ஒன்று அங்கே இருக்கிறது. கோடுகள் எந்தத் திசையிலிருந்து வந்து சேர்ந்தன என்ற தகவலை எல்லை ஃபைபர் இப்படிச் சுமந்துகொள்கிறது. புள்ளிகளோடு இப்படிப்பட்ட நுண்தகவலையும் சேர்த்து வைக்கும் ஸ்கீம் என்ற கருத்து ஏன் தேவைப்பட்டது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த உதாரணத்தைத்தான்.

ஃபிளாட் மட்டும் போதாது. டி·எக்ஸ் = 1 ஃபிளாட்தான்; ஆனால் டி = 0-க்கு மேல் ஃபைபரே காலி, புள்ளி முடிவிலிக்கு ஓடிவிட்டது. இதைத் தடுப்பது ப்ராப்பர் என்ற நிபந்தனை. வீழ்வெளியில் மூடிய குடும்பமாக எடுத்துக்கொண்டால் அது தானாகவே கிடைக்கும்.

நான்காம் படி: கெட்ட புள்ளியைச் சுற்றி வாருங்கள்

ப்ராப்பராகவும் ஸ்மூத்தாகவும் (எந்த ஃபைபரிலும் கூர்முனையோ குறுக்குவெட்டோ இல்லாமல்) உள்ள குடும்பத்தில், அடித்தளத்தின் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு மேலுள்ள ஃபைபர்கள் இடவியல் கண்ணுக்கு ஒன்றே. இது சார்ல் எரெஸ்மானின் தேற்றம். கலப்பு அமைப்பு மாறலாம், ஆனால் டோரஸ் (உளுந்து வடை போல ஒரு துளையுள்ள பரப்பு) டோரஸாகவே இருக்கும். ஆகவே ஒரு பாதையில் நடந்தால் ஃபைபரில் வரைந்த ஒரு வளையத்தைக் கையோடு இழுத்துக்கொண்டே போகலாம். கெட்ட புள்ளியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் வளையம் பழையபடி இருக்குமா? பெரும்பாலும் இருக்காது. வரும் மாற்றத்துக்குப் பெயர் மோனோட்ரோமி.

எக்ஸ்·ஒய் = டி-யில் இதை நிதானமாகச் செய்து பார்ப்போம். டி பூஜ்ஜியமல்ல என்றால் எக்ஸ் பூஜ்ஜியம் தவிர எந்தக் கலப்பெண்ணாகவும் இருக்கலாம், ஒய் = டி/எக்ஸ். பூஜ்ஜியம் நீக்கிய கலப்பெண் தளம் ஒரு நீண்ட உருளை. அதன் ஒரு முனையில் எக்ஸ் பெரியது, மறுமுனையில் ஒய் பெரியது. இடுப்பில் இரண்டின் மட்டு மதிப்புகளும் சமம். அங்கே உள்ள வட்டத்தின் ஆரம் டி-யின் மட்டுடைய வர்க்கமூலம். டி பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க அந்த வட்டம் சுருங்கி ஒரு புள்ளியாகிவிடும். அதனால்தான் அதற்கு மறையும் வட்டம் என்று பெயர்.

இப்போது டி-யை ஆதியைச் சுற்றி ஒரு முழுச் சுற்று கொண்டுபோங்கள். எக்ஸ் பெரிதாக உள்ள முனையில் எக்ஸ்-ஐ அசைக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் ஒய்-ஐ அசைக்காமல் பிடியுங்கள்; அங்கே எக்ஸ் = டி/ஒய் என்பதால் எக்ஸ் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். நடுவில் பூஜ்ஜியத்திலிருந்து ஒரு சுற்று வரை படிப்படியாகத் திருகல் ஏறும். முதலில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நேராக வரைந்த கோடு, திரும்பி வரும்போது உருளையின் இடுப்பை ஒருமுறை சுற்றிக்கொண்டு நிற்கும். மறையும் வட்டத்தை எத்தனை முறை குறுக்கே வெட்டுகிறதோ அத்தனை முறை அந்த வட்டம் கூடவே சேர்ந்துகொள்கிறது: பிக்கார்–லெஃப்ஷெட்ஸ் சூத்திரம் சொல்வது இதுவே.

லெஜாண்டர் குடும்பத்துக்கு வருவோம்: ஒய்² = எக்ஸ்(எக்ஸ் − 1)(எக்ஸ் − லாம்டா). லாம்டா 0, 1 ஆகாதவரை ஃபைபர் ஒரு டோரஸ். லாம்டாவை 0-ஐச் சுற்றிக் கொண்டுபோனால் திருகல் ஒன்று அல்ல, இரண்டு. ஏன் என்று ஆதிக்குப் பக்கத்தில் பாருங்கள். எக்ஸ்(எக்ஸ் − லாம்டா) என்பதை வர்க்கப் பூர்த்தி செய்தால் (எக்ஸ் − லாம்டா/2)² − லாம்டா²/4. அதாவது இது எக்ஸ்·ஒய் = டி வடிவம்தான், ஆனால் டி-யின் இடத்தில் லாம்டாவின் வர்க்கம் உட்கார்ந்திருக்கிறது. லாம்டா ஒரு சுற்றுச் சுற்றினால் அதன் வர்க்கம் இரண்டு சுற்றுச் சுற்றும்.

இந்த இடத்தில் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்பது (ஐசோமார்ஃபிக் என்றால் அமைப்பில் ஒன்றே; ஜே என்பது இத்தகைய வளைவரையின் வகையை அடையாளம் காட்டும் எண்):

"சார், ஒய்² = எக்ஸ்³ + டி-யில, டி பூஜ்ஜியம் இல்லாத எல்லா வளைவரையும் ஒண்ணோட ஒண்ணு ஐசோமார்ஃபிக்தானே? ஜே மதிப்பு எல்லாத்துக்கும் பூஜ்ஜியம். அப்போ மாறுறதுக்கு இதுல என்ன இருக்கு?"

"ஒரு சுத்து சுத்திட்டு வா மக்கா, அப்புறம் சொல்லு."

டி கோணம் தீட்டா திரும்பும்போது எக்ஸ்-ஐ தீட்டா/3, ஒய்-ஐ தீட்டா/2 திருப்புங்கள். சமன்பாட்டின் மூன்று உறுப்புகளும் ஒரே அளவு திரும்பும். வளைவரை வளைவரையாகவே நகரும். முழுச் சுற்று முடிந்ததும் எக்ஸ் ஒன்றின் முப்படி மூலத்தால் பெருக்கப்பட்டிருக்கும், ஒய் குறி மாறி −ஒய் ஆகியிருக்கும். தொடங்கிய ஃபைபருக்கே திரும்பிவிட்டோம், ஆனால் அது தன்மேலேயே திரும்பி உட்கார்ந்திருக்கிறது. ஆறு சுற்றுச் சுற்றினால்தான் எல்லாம் பழையபடி ஆகும். ஃபைபர்கள் அனைத்தும் ஒன்றே, ஆனால் குடும்பம் நேர்ப்பெருக்கம் அல்ல. ஒவ்வொரு ஃபைபராக உற்றுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஐந்தாம் படி: வகையிடுங்கள்

மோனோட்ரோமி பெரிய சுற்றைப் பார்க்கிறது. ஒரு புள்ளியில் நின்றபடியே, இந்த நொடியில் ஃபைபரின் கலப்பு அமைப்பு எந்தத் திசையில் மாறுகிறது என்றும் கேட்கலாம். 1958-இல் குனிஹிகோ கொடைராவும் டொனால்ட் ஸ்பென்சரும் இதற்குத் துல்லியமான பதில் தந்தார்கள். அடித்தளத்தின் ஒவ்வொரு தொடுவெக்டரையும் ஃபைபரின் தொடுகற்றையின் முதல் கோஹோமாலஜிக்கு அனுப்பும் ஒரு நேரியல் சார்பு அது. வளைவரையைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் தனியாக எந்த மாற்றமும் இல்லாமல் நகரும். துண்டுகளை ஒட்டும் விதம் மட்டுமே மாறும். ஒட்டும் விதத்தின் வகைக்கெழுதான் அந்தக் கோஹோமாலஜி உறுப்பு.

அந்த வெளியின் பரிமாணம், ஜீனஸ் (பரப்பிலுள்ள துளைகளின் எண்ணிக்கை) 0 என்றால் 0, ஜீனஸ் 1 என்றால் 1, ஜீனஸ் ஜி இரண்டும் அதற்கு மேலும் என்றால் 3ஜி − 3. ரீமான் 1857-லேயே எண்ணிச் சொன்ன எண் இது. கூம்பு வெட்டுகள் ஜீனஸ் 0. அதனால் அவற்றின் குடும்பத்தில் நல்ல ஃபைபர்கள் உள்ளபடி மாறுவதே இல்லை. ஒய்² = எக்ஸ்³ + டி-யிலும் இந்த வகைக்கெழு எங்கும் பூஜ்ஜியம்; ஆனாலும் மோனோட்ரோமி இருக்கிறது. ஆகவே இரண்டு சோதனைகளையும் செய்ய வேண்டும், ஒன்று மற்றதை ஈடுகட்டாது.

லெஜாண்டர் குடும்பத்தில் மாற்றத்தை எண்ணாகவே அளக்கலாம். டோரஸின் ஒரு வளையத்தின் மேல் டிஎக்ஸ்/ஒய்-ஐத் தொகையிடுங்கள். வரும் பீரியடை பி என்போம். அது லாம்டாவின் சார்பு, கீழுள்ள வகைக்கெழுச் சமன்பாட்டை நிறைவு செய்யும்:

லாம்டா(1 − லாம்டா)·பி″ + (1 − 2·லாம்டா)·பி′ − பி/4 = 0

ஒரு தீர்வு 1 + லாம்டா/4 + 9·லாம்டா²/64 + … என்று தொடங்கும் தொடர். முதல் இரண்டு கெழுக்களையாவது சமன்பாட்டில் போட்டுச் சரிபாருங்கள், இரண்டு நிமிட வேலை. இன்னொரு தீர்வில் லாக் லாம்டா வரும். 0-ஐச் சுற்றினால் லாக் 2·பை·ஐ கூடிவிடும். அந்தத் தீர்வோடு முதல் தீர்வின் மடங்கு ஒன்று சேர்ந்துகொள்ளும். நான்காம் படியில் உருளையின் இடுப்பில் பார்த்த அதே திருகல் இங்கே ஒரு மடக்கைச் சார்பாக எழுதப்பட்டிருக்கிறது. ராமானுஜன் 1914-இல் பை-க்கான தொடர்களை எடுத்தது இந்த நீள்வட்டத் தொகையீடுகளின் உலகத்திலிருந்துதான்.

ஆறாம் படி: அடித்தளத்தையே மாற்றிப் பாருங்கள்

எல்லா ஃபைபர்களையும் ஐசோமார்ஃபிஸம் வரை ஒரே இடத்தில் அடுக்கி வைத்தால் அது மாடுலி வெளி. ஒவ்வொரு குடும்பமும் தன் அடித்தளத்திலிருந்து அதற்குள் ஒரு சார்பைத் தருகிறது. ஒய்² = எக்ஸ்³ + ஏ·எக்ஸ் + பி போன்ற நீள்வட்ட வளைவரைகளுக்கு அது ஜே என்ற ஒற்றை எண். ஜீனஸ் 2 முதல் மேலே உள்ள வளைவரைகளுக்கு, குறுக்குவெட்டுகளை மட்டும் அனுமதித்து அந்த வெளியை முழுமையாக மூடியவர்கள் பியர் டெலினும் டேவிட் மம்ஃபோர்டும், ஆண்டு 1969. வளைவரைகளுக்குப் பதிலாக ஒரு வளைவரையின் மேலுள்ள வெக்டர் கற்றைகளை (ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளி ஒட்டிய அமைப்புகளை) இப்படி அடுக்கும் வேலையில் நம் ஊர்க்காரர்களின் பங்கு பெரியது. சென்னை லயோலா கல்லூரியில் படித்த எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் 1965-இல் நிறுவிய தேற்றம் இந்தத் துறையில் எல்லோரும் படிக்கும் அடிப்படை. சேஷாத்ரி பிறகு தொடங்கிய சென்னைக் கணிதவியல் கழகம் சிறுசேரியில் இருக்கிறது. அங்கே போக நாகர்கோவிலிலிருந்து ஓர் இரவு ரயில் தூரம்தான், தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

டெலின்–மம்ஃபோர்ட் வழியில் கூர்முனைக்கு இடமில்லை, குறுக்குவெட்டுக்கு மட்டுமே இடம். அப்படியானால் ஒய்² = எக்ஸ்³ + டி-யில் டி = 0-இல் வரும் கூர்முனையை என்ன செய்வது? டி = எஸ்⁶ என்று புதிய மாறியைக் கொண்டுவாருங்கள். எக்ஸ் = எஸ்²·யூ, ஒய் = எஸ்³·வி என்று போடுங்கள். இரு பக்கமும் எஸ்⁶-ஆல் வகுத்தால் வி² = யூ³ + 1. எஸ் காணாமலே போய்விட்டது. எஸ் = 0 உட்பட எல்லா ஃபைபரும் ஒரே நல்ல வளைவரை. ஆறு சுற்றில் மோனோட்ரோமி அடங்கியதால்தான் எஸ்-இன் ஆறாம் அடுக்கை எடுத்தோம். லெஜாண்டர் குடும்பத்தில் இந்த உத்தி பலிக்காது. 0-ஐச் சுற்றிய திருகல் எத்தனை முறை சுற்றினாலும் கூடிக்கொண்டே போகுமே தவிர அடங்காது. அங்கே குறுக்குவெட்டு எல்லையில் நிலையாக நிற்கும்.

இப்போது ஒய்² = எக்ஸ்³ + டி·எக்ஸ்-ஐ எடுத்து ஆறு படிகளையும் நீங்களே நடத்துங்கள். தன்மைக்காட்டி 4டி³ என்று வரும், ஜே எல்லா நல்ல ஃபைபருக்கும் 1728. டி ஒரு சுற்றுச் சுற்றும்போது எக்ஸ் எவ்வளவு திரும்ப வேண்டும், ஒய் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். எத்தனையாவது சுற்றில் பழையபடி ஆகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணை எஸ்-இன் அடுக்காக டி-க்குப் போட்டால் வி² = யூ³ + யூ என்று வந்து நிற்க வேண்டும்.